இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை

ஆகஸ்ட் 18, 2025 – திங்கள்

காலையில் பால் திரிந்துவிட்டது. மதியத்துக்குள் நீர்மூழ்கி மோட்டார் கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம் வரை தமிழாக்கி முடித்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியை மழை படாத இடத்தில் பொருத்த வேண்டும் என்று இந்தப் பம்பு நிறுவனத்துக்காக இருபது வருடங்களுக்கும் மேலாக எழுதிவருகிறேன். பெட்டிகள் இன்னும் வேப்பமரத்தில்தான் தொங்குகின்றன. எழுத்தின் பயன் குறித்து எனக்கு மயக்கம் எதுவும் இல்லை.

மாலையில் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். அக்டோபர் பதினைந்து முதல் வேலை வாங்குவதும் கொடுப்பதும் ஒரு புதிய இணையப் போர்ட்டல் வழியாகத்தான். பழைய விண்டோஸ் உள்ள கணினிகளில் அது திறக்காது. பாதுகாப்புக் காரணங்கள்.

என் லேப்டாப் 2015-இல் வாங்கியது. பரிசோதிக்கும் செயலியை ஓடவிட்டேன். "இந்தக் கணினி தற்போது விண்டோஸ் 11-க்கான தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னது. 'தற்போது' என்பதில் ஒரு கரிசனம் இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சி போனால் பிற்பாடு பெற்றுவிடலாம் போல.

ஆகஸ்ட் 19

புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா? நாளை எல்லோரும் கேட்கப்போவதை இன்றே நான் கேட்டுக்கொள்கிறேன்.

கூடாது. என் கையேடுகள் எல்லாம் ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அடித்தவை. அதன் உரிமத்தைக் கடைசியாக மாற்றி வாங்கியது இந்த லேப்டாப்புக்கு, இதோடு அது கட்டப்பட்டுவிட்டது. விற்ற கடை காந்திபுரத்தில் இருந்தது. இப்போது அங்கே மோமோ விற்கிறார்கள். வேறு கணினியில் திறந்தால் என் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், யாரோ வெள்ளைக்காரர் தொடர்ந்து தும்மியதைப்போல. மாற்றித்தரும் வலைத்தளங்கள் உண்டு. அவை எழுத்தை மாற்றிவிட்டு அட்டவணைகளைத் தின்றுவிடுகின்றன.

ஆக, புதியதில் கோப்பு திறக்காது. பழையதில் போர்ட்டல் திறக்காது. பழைய லேப்டாப்பில் புதிய விண்டோஸை ஏற்றுவது ஒன்றுதான் வழி. அது ஆகாது என்று செய்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நிலைமை இத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

மேட்டுப்பாளையத்திலிருந்து தம்பி சீனிவாசலு பேசினான். வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் அவன் தமிழுக்கு மாறிவிடுவான். இன்று எடுத்தவுடனே தமிழ்.

"மேல் ரூம் காலியாத்தானுங்க்கா கெடக்குது. பெயிண்டு கூட அடிச்சுப்போட்டேன்."

அந்த அறையை நான் அறிவேன். பாதியில் பாக்கு மூட்டை. பாக்கு மண்டி வைத்திருப்பவன் வீட்டில் எந்த அறையும் முழுக்கக் காலியாக இருக்காது. அவன் நல்லவன். நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம், அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது அவனிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன்: பம்பு வேலை இருக்கிறவரை ஆர்.எஸ்.புரத்தில் இந்த மாடியில்தான் இருப்பேன், அது நின்றால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறேன் என்று. வேலை நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை. இந்த ஊர் பம்பு செய்வதை நிறுத்துமா? விவசாயி தமிழ் படிப்பதை நிறுத்துவானா? இரண்டுக்கும் பதில் 'நிறுத்தாது', 'நிறுத்தமாட்டான்' என்றுதான் இருந்தது. மூன்றாவதாக ஒரு கேள்வி வரும் என்று தோன்றவில்லை.

கல்யாணம் என் வாழ்க்கையில் இரண்டு வருடம் அமலில் இருந்தது. அதற்குப் பிறகு இந்த மாடி. இரண்டு அறை, நான்கு அலமாரி புத்தகம், யாரும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்காத ஒரு மேசை. இதை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இதைவிடப் பெரிய கொள்கை எதுவும் என்னிடம் இல்லை.

செப்டம்பர் 3

அவிநாசி சாலையில் நிறுவனத்துக்குப் போனேன். கையேட்டுப் பிரிவுக்கு இப்போது தமிழ்வேந்தன் என்று ஒருவர் மேலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், காபி வரவழைத்தார், அது ஆறிவிட்டதோ என்று கவலைப்பட்டு இன்னொன்று வரவழைத்தார்.

பென்டிரைவில் கொண்டுவந்து தந்துவிடுகிறேனே என்று கேட்டேன். பென்டிரைவ் உள்ளே வரக் கூடாதாம், வைரஸ். வேறு யார் கணினியிலிருந்தாவது? வேலை செய்கிற கணினியையே போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்ற சொல்லைத் தொடாமல் சுற்றிப்போனார். எங்கள் ஊரில் அது ஒரு கலை.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். இதுவரை நான் செய்த எல்லாக் கையேடுகளையும், இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் என் தமிழ் வாக்கியம் என்று வரிசையாக அடுக்கி, புது எழுத்துருவில் போர்ட்டலில் ஏற்றித்தர முடியுமா என்று. "உங்க வேலை பூராவும் ஒரு எடத்துல பத்திரமா இருக்கோணுமுங்க மேடம். யாருகிட்டயும் இந்த மாதிரி கெடையாதுங்க."

முதுகுத்தண்டில் ஒரு சுகம் ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் என் வாக்கியங்களை யாரும் கேட்டதில்லை. எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. காபி கொடுத்தவரிடம் காரணம் கேட்பது இங்கே சண்டைக்குப் போவதற்குச் சமம்.

செப்டம்பர் 4

அடுக்கத் தொடங்கினேன். வெறும் வாக்கியங்கள் என்பதால் புது எழுத்துருவுக்கு அந்த வலைத்தளங்களே போதும், தின்ன அட்டவணை இல்லை. 2003-இல் நான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆகவே' போட்டிருக்கிறேன். ஆகவே அப்போது எனக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது.

செப்டம்பர் 13 – சனி

தம்பி மகள் மேக்னா வந்தாள். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். கணினியைச் சரிசெய்யும் வேலை என்று குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. அவள் வேலை, அங்கே இருப்பவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை படிவம் அனுப்பிக் கேட்பது. "பெரும்பாலும் இல்லீங்கத்தை" என்றாள்.

வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே செய்தாள். விண்டோஸுக்குள் ஆழத்தில் ஓரிடத்தில் போய் ஒரு வரி எழுதினால் அது தகுதி பார்ப்பதை விட்டுவிடுமாம். எழுதினாள். விட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை, ஏற்றினால் இது ஆதரிக்கப்படாது, புதுப்பிப்புகள் பெற உரிமை இருக்காது, பொருந்தாமையால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது, ஏற்றுக்கொள்கிறாயா.

தொழில்முறையில் அதை இரண்டு தரம் படித்தேன். நல்ல எச்சரிக்கை. சேதம் நிச்சயம் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. வந்தால் யார் பொறுப்பில்லை என்பதை மட்டும் சொல்கிறது. நான் எழுதுவதும் இதே வகை இலக்கியம்தான். இதற்கும் எனக்கும் ஏதாவது ஒப்புமை உண்டா என்று மேக்னா கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. நல்ல பெண்.

ஏற்றுக்கொண்டோம். அறுபது சதவீதம் வரை போய், நின்று, யோசித்து, "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்றது. மூன்று முறை.

"ஹார்டு டிஸ்க் ரொம்பப் பழசுங்கத்தை. மொத்தமா அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துனா ஏறிரும்."

அழித்தால் தட்டச்சு மென்பொருளும் போய்விடும். இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். அப்படியானால் கஷ்டம் என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு இருக்காமல் போனாள். போகிறபோது வாசலில் நின்று, "ஏனுங்கத்தை, அப்பா வீட்டுக்கே வந்துட்டா இதெல்லாம் எதுக்குங்க" என்றாள். அவளை அனுப்பியது யார் என்று புரிந்தது.

செப்டம்பர் 22

அடுக்குகிறேன். பகலெல்லாம். ஆங்கில வாக்கியம் ஒன்றாக இருக்கும் இடத்தில் நான் மூன்றாக உடைத்திருக்கிறேன், விவசாயி மூச்சுவிட வேண்டுமே என்று. இப்போது மூன்றையும் அந்த ஒன்றுக்கு நேரே கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருக்கிறது. போகிற போக்கில் பழைய பிழைகளையும் திருத்துகிறேன். யாரும் திருத்தச் சொல்லவில்லை. கொடுப்பது என்று ஆனபிறகு அழுக்கோடு கொடுக்கலாமா?

செப்டம்பர் 27

கிராஸ்கட் ரோட்டில் நஞ்சுண்டன் என்பவர் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மாட்டின் பல்லைப் பார்க்கிற முகத்தோடு.

"பண்ணிப்போடலாமுங்கம்மணி."

இதற்கு முன் இப்படி ஏற்றியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பண்ணிப்போடலாமுங்க."

ஏறாவிட்டால்?

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்கம்மணி. நீங்க டீ சாப்புடுங்க."

எதைக் கேட்டாலும் ஒரே பதில் வந்ததும் நம்பிக்கை போய்விட்டது. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? டீ வந்துவிட்டதே.

செப்டம்பர் 30

நஞ்சுண்டன் போன் செய்தார். பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டாராம். விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறதாம். முக்கால்வாசி தாண்டிவிட்டது, காலையில் வாங்க என்றார். காபி போட்டுக் குடித்தேன். சர்க்கரை கூட.

அக்டோபர் 1 – ஆயுதபூஜை

கடை பூட்டியிருந்தது. நிலைப்படியில் பூசணிக்காய்ச் சிதறல். இந்த ஊரில் இன்று ஊசி முதல் லேத் வரை எதையும் யாரும் தொட மாட்டார்கள் என்பது காலையில் நினைவுக்கு வரவில்லை. ஐம்பத்தேழு வருடம் இங்கே வாழ்ந்ததில் மிச்சம் இது.

அக்டோபர் 2

லேப்டாப்பைக் கொடுத்தார். மூடியின் மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். காமிராவின் கண்ணிலும் ஒரு பொட்டு. கூடவே ஒரு பை பொரி, கடலை, ஒரு கொய்யா.

ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"எண்பத்தஞ்சு வரைக்கும் வந்துருச்சுங்கம்மணி. சாமி கும்புடற நேரம். ஆயுதபூசை அன்னைக்கு மெசினு ஓடக்கூடாதில்லீங்களா? அமத்திச் சாத்திப்போட்டேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. மற்றவர்களின் லேப்டாப்புகளுக்கு ஒரு பொட்டுத்தானாம். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கும்பிட்டது என்னுடையதைத்தானாம். பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை. அதில் என் முகம், நெற்றிக்கு நேரே குங்குமம்.

இப்படி ஓர் எச்சரிக்கையை எந்தக் கையேட்டிலும் நான் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பழைய டிஸ்கைத் தூக்கிப்போடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அதிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் புதிய டிஸ்குக்கு எடுத்து, பழைய விண்டோஸோடு பழைய நிலையில் மாலையில் திருப்பித் தந்தார். கூலி வாங்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். திட்டலாம் என்று போயிருந்தேன். "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொரி நமத்திருந்தது.

அக்டோபர் 6

ஒன்பது நாள் இருக்கிறது. தமிழ்வேந்தன் செய்தி: 'பொறுமையாச் செய்ங்க மேடம், அவசரமே இல்லைங்க. பதினஞ்சுக்குள்ள இருந்தாப் போதும்.'

அக்டோபர் 11 – சனி

மேக்னா போனில். வர முடியாதாம், அலுவலகத்தில் மகிழ்ச்சி வாரம். புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நிறுவும் கோப்பைத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு சிறு கட்டளை சேர்த்து, இந்த லேப்டாப் ஒரு சர்வர், அதாவது பல கணினிகளுக்கு வேலை செய்யும் பெரிய இயந்திரம், என்று அதனிடம் சொல்லிவிட வேண்டுமாம். சர்வர் என்றால் அது தகுதி எதையும் கேட்காதாம்.

"பொய்தானே?"

"பொய்தானுங்கத்தை. ஆனா அது நம்பிக்கும்."

குறுக்கே வரக் கூடாதென்று அவள் சொன்னபடி வைரஸ் தடுப்பானை நீக்கினேன். கட்டளையை எழுத்து எழுத்தாக அவள் சொல்ல, நான் அடித்தேன். ஏதோ பெரிய நிறுவனத்தின் இயந்திர அறையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, பத்து வயது லேப்டாப்புக்கு அரைகுறை மரியாதையோடு விண்டோஸ் வழிவிட்டது. நான் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. துணி துவைத்தேன். மாடியில் காயப்போட்டேன். கீரை ஆய்ந்தேன். மூன்று முறை அணைந்து எரிந்ததை அடுக்களையிலிருந்தே பார்த்தேன்.

ஏறிவிட்டது.

திரையின் அடியில் ஓரத்தில் இருந்த பட்டன்கள் நடுவுக்கு வந்திருக்கின்றன. ஓசை போய்விட்டது, ஒலிபெருக்கிக்கு இது யார் என்று தெரியவில்லை. தட்டச்சு மென்பொருளைத் திறந்தேன். திறந்தது. நீர்மூழ்கி மோட்டார் கையேடு, பன்னிரண்டாம் பக்கம், தமிழாகவே இருந்தது.

மேக்னாவிடம் சொன்னேன். "அப்பாகிட்டச் சொல்லட்டுங்களா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

சீனிவாசலு தெலுங்கில் வாழ்த்தினான்.

அக்டோபர் 14

போர்ட்டலில் பதிவு. பெயர்: வெங்கடம்மாள். குடும்பப் பெயர்: இல்லை. இல்லாமல் உள்ளே விடாது. 'எஸ்' என்று தலைப்பெழுத்தைக் கொடுத்தேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். 'எஸ்எஸ்' கொடுத்தேன். "நல்வரவு, திரு. எஸ்எஸ்" என்று வரவேற்றது. மனிதர்களிடம் திருத்தலாம். போகட்டும்.

கையேடுகள் அத்தனையும் ஏறின. ஒவ்வொன்று ஏறியதும் பக்கத்தில் பச்சையாக ஒரு குறி. பச்சைக் குறியை இத்தனை வயதுக்கு மேல் ஒருத்தி இவ்வளவு நேரம் ரசிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே ரசித்தேன்.

அக்டோபர் 18

நிறுவனத்திலிருந்து தீபாவளி இனிப்புப் பெட்டி. வழக்கத்தைவிடப் பெரியது. ஏன் பெரியது?

அக்டோபர் 30

வேலை எதுவும் வரவில்லை. போர்ட்டல் திறக்கிறது, திரு. எஸ்எஸ்ஸை வரவேற்கிறது, காட்ட ஒன்றும் இல்லை என்கிறது. தமிழ்வேந்தனுக்கு எழுதினேன். 'கண்டிப்பாச் சொல்றேனுங்க மேடம். ஒரு நாள் ஆபீசுக்கு வாங்க, காபி சாப்பிடலாம்.'

நவம்பர் 5

மழை. வேலை இல்லை. லேப்டாப்பில் ஓசை வந்துவிட்டது. ஒலிபெருக்கியை இதற்கு அறிமுகப்படுத்தும் இயக்கி ஒன்றைத் தேடிப் போட்டேன். இப்போது பார்க்கவும் கேட்கவும் முழுத் தகுதி.

நவம்பர் 12

போனேன். எழுந்து நின்றார், வணக்கம் சொன்னார். காபி, கூடவே தட்டில் கேக். ஒரு புதுப்பொருளை எனக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். நடிப்பில்லை. உண்மையிலேயே காத்திருந்திருக்கிறார்.

திரையைத் திருப்பி வைத்தார். புதிய மோட்டார் ஒன்றின் ஆங்கிலக் கையேடு. ஒரு பட்டன். காபியை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோகிற நேரம்தான். தமிழில் வந்துவிட்டது. அட்டவணை உட்பட.

படித்தேன்.

என் வாக்கியங்கள். இது நான் எழுதினதுதான். மூன்றாக உடைத்த இடத்தில் மூன்றாகவே உடைத்திருக்கிறது. விவசாயி மூச்சு விடும் இடத்தில் மூச்சு விடுகிறான். நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன் – நான்தானே எழுதியிருக்கிறேன். யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி.

இது படிச்சுக் கத்துக்க ஒவ்வொண்ணா அடுக்கிக் கொடுத்தது யாரு? நான். பிழை திருத்திக் கொடுத்தது யாரு? நான். அந்த லேப்டாப்புல விண்டோஸை ஏத்தறதுக்கு நாயா அலைஞ்சது, பொய் சொல்லி ஏத்தினது, பச்சைக் குறி பாத்துச் சந்தோசப்பட்டது – எல்லாம் நானேதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? எதுக்குடா இதுன்னு ஒரே ஒரு வார்த்தை. கேக்கல. காபி குடிச்சுப்போட்டு வந்தேன்.

"எப்படீங்க மேடம் இருக்குது? நீங்க சொன்னாத்தானுங்க எங்களுக்குத் திருப்தி."

சொல்லப் பத்து வாக்கியம் இருந்தது. எல்லாம் நன்றாக அமைந்த வாக்கியங்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவருக்கு உயிர் வந்தது. உடனே யாருக்கோ போன் போட்டார். மேடம் பார்த்துட்டாங்க, நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாங்க, ஆமாங்க, அச்சுக்கு அனுப்பிடலாமுங்க. வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனிமேல் எனக்கு வேலை இல்லை என்று அவர் ஒரு முறையும் சொல்லவில்லை. இனிமேல் வேலை உண்டா என்று நானும் கேட்கவில்லை. இருவரும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

நவம்பர் 13

நேற்றுப் பேருந்தில் வரும்போது அந்தக் கேக் கைப்பையில் இருந்தது. எப்போது எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 23 – ஞாயிறு

பத்து நாளாகத் தம்பியிடம் சொல்லாமல் இருந்தேன். வேலை நின்றுவிட்டதா, நிற்கவில்லையா? நின்றதாக யாரும் சொல்லவில்லையே. சட்டப்படி பார்த்தால் என் வார்த்தை இன்னும் அமலுக்கு வரவில்லை என்று வாதாடலாம். நானே நீதிபதி, நானே வழக்கறிஞர்; இரண்டு பேரும் சோர்ந்துவிட்டார்கள்.

இன்று சொன்னேன். அவன் தமிழுக்கு மாறினான்.

"நான் எதுவும் கேக்கலீங்க்கா."

"தெரியும்."

"நீங்க வாரேன்னு சொன்னாப் போதும். மூட்டையெல்லாம் எடுத்துப்போட்டுர்றேன்."

"வாரேன்."

புத்தகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். நான்கு அலமாரி என்றேன். ஓரிரு மூட்டை மட்டும் எடுத்தால் போதாது என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

டிசம்பர் 10

பாதி புத்தகம் பழைய புத்தகக் கடைக்கு. எடைக்கு அல்ல, அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்.

லேப்டாப்புக்கு மாதாந்திரப் புதுப்பிப்பு வந்தது. உரிமை இல்லை என்று எழுதிக்காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகும் அனுப்புகிறார்கள். தானாகவே ஏற்றிக்கொண்டு, தானாகவே அணைந்து எரிந்தது. இத்தனை வேகமாக இது ஓடி நான் பார்த்ததே இல்லை. அடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 28

நாளை லாரி. மேக்னா அட்டைப்பெட்டி கட்ட வந்தாள். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, தன் வேலையும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை என்றாள். மகிழ்ச்சியா என்று கேட்கும் படிவங்களை இனி யாரும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லையாம். "சாப்பிட்டாயா" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

பிப்ரவரி 8, 2026 – மேட்டுப்பாளையம்

சீனிவாசலு தோட்டத்துக்குப் புது மோட்டார் வாங்கிவந்தான். அக்கா வேலை பார்த்த கம்பெனி என்று கடைக்காரரிடம் சொல்லி அதையே கேட்டு வாங்கினானாம். பெட்டியைப் பிரித்து, முதலில் கையேட்டை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினான். தமிழ்வேந்தன் திரையில் காட்டிய அதே கையேடு.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க்கா. நான் மாட்டறேன்."

பென்சிலை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். பழக்கம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஓர் ஒற்று மிகுந்திருக்காதா, ஓர் அட்டவணை கோணியிருக்காதா என்று வரிவரியாகப் பார்த்தேன். தம்பி வயரைப் பிடித்தபடி வெயிலில் காத்துக்கொண்டிருந்தான்.

திருத்த ஒன்றும் இல்லை.

பிறகு சத்தமாகப் படித்தேன். எந்த வயரை எந்த முனையில் என்று நான் சொல்லச் சொல்ல அவன் முடுக்கினான். எங்கும் அவன் "என்னங்க்கா?" என்று திரும்பிக் கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் குழாய் இரண்டு முறை இருமியது. அப்புறம் தண்ணீர் வந்தது.